தங்கூசி கட்டிய பல்

டிரம்பெட் ஊதுகிறவனுக்கு உதடு வேண்டும், மூச்சு வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். முன்பல்லைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. உதட்டுக்குப் பின்னால் மேல்வரிசைப் பல் சுவர் மாதிரி நிற்காவிட்டால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனும் வெறுங்காற்றைத் துப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ராயபுரம் பனைமரத்தொட்டியில் குடியிருந்த அருள்பிரகாசத்துக்கு இது நன்றாகத் தெரியும். மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே ரகுபதி மாஸ்டரின் பேண்டு செட்டில் ஊதினவன். கல்யாணமோ, திருவிழாவோ, சாவோ, முன்வரிசையில் நடுவே அவன்தான் நிற்பான். வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

அந்த முன்பல் 2002ஆம் வருஷம் கோடையில் ஒருநாள் ஆடியது.

திருவொற்றியூரில் ஒரு சாவு. பாடை தேரடியைத் தாண்டும்போது நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்தால் அருளுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்று இழுப்பான். அன்றைக்கும் இழுத்தான். மவுத்பீஸை உதட்டோடு வைத்து அழுத்தியபோது உள்ளே என்னவோ பின்பக்கமாக நகர்ந்தது. சத்தம் கிழிந்து கீச்சென்று போயிற்று. முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கண்டுகொள்ளவில்லை, மாஸ்டர் மட்டும் திரும்பிப் பார்த்தார். அருள் நாக்கால் தடவினான். நடுப்பல் ஒன்று நாக்குக்கே அசைந்து கொடுத்தது. வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"இன்னா நைனா, பிசிறு தட்டுது?" என்றார் மாஸ்டர்.

"பாக்கு மாட்டிகினுச்சு மாஸ்டர்," என்று மழுப்பிவிட்டு, மீதி வழியெல்லாம் தாழ்ந்த சுரத்திலேயே ஊதி ஒப்பேற்றினான்.

ஈறில் ரத்தம் வருவது அவனுக்குப் புதுசில்லை. பல் விளக்கினால் பிரஷ் சிவக்கும். கொய்யாக்காய் கடித்தால் கொய்யாவில் கறை இருக்கும். "ஊதுறவன் வாயில ரத்தம் வராம ரோஸ்மில்க்கா வரும்?" என்று ஜம்பமடித்துக்கொண்டு திரிந்தான். வலித்தால் மூக்குப்பொடியை எடுத்து ஈறில் அப்பிக்கொள்வான். மரத்துப் போகும். மரத்துப் போனால் சரியாகிவிட்டது என்பது அவன் வைத்தியம். அவன் பெண்டாட்டி எழில்மொழி இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை செய்தாள். நாளெல்லாம் இறால் நாற்றத்தில் கிடக்கிறவளே, "யோவ், உன் வாய் நாத்தம் எங்க கம்பெனிய தூக்கி சாப்ட்ரும் போலகீது. பல் டாக்டராண்ட போய்யா," என்று பல தரம் சொல்லிவிட்டாள். போவானா? பல் டாக்டர் என்றால் பல்லைப் பிடுங்குகிறவர், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சின்ன வயசில் தொண்டை வலியில் தொடங்கி, முட்டி வீங்கி, காய்ச்சலில் படுத்துக் கிடந்தவன் அவன். அந்தக் காய்ச்சல் போகிறபோது நெஞ்சுக்குள் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. வால்வு என்றால், ரத்தம் வந்த வழியே திரும்பாமல் தடுக்கிற கதவு. கதவு சரியாக மூடவில்லை, ஆனால் இப்போதைக்குப் பயமில்லை என்றார்கள். மாசாமாசம் இடுப்பில் பென்சிலின் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட டாக்டர் ஒவ்வொரு தரமும் ஒரே பாட்டைப் பாடினார்: "வாயைச் சுத்தமா வெச்சுக்கோ. பல்லுல யார் கை வெச்சாலும் முன்னாடியே எங்ககிட்ட வந்து சொல்லு." நெஞ்சுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று பையனுக்கு விளங்கவில்லை. பேண்டு செட்டில் சேர்ந்ததும் ஊசியை விட்டான், டாக்டர் சொன்னதையும் விட்டான். நெஞ்சு கெட்டவன் என்று தெரிந்தால் மாஸ்டர் ஊத விடமாட்டார் என்ற பயம் மட்டும் விடவில்லை. அதனால் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் காலத்தை ஓட்டினான்.

இப்போது பல் ஆடுகிறது. எழில்மொழியிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் நேராகக் காசிமேட்டுக்குப் போய்க் கருணாகரனைப் பிடித்தான். கருணாகரன் அவனுக்குச் சின்ன வயசு தோஸ்து. லாஞ்சில் கடலுக்குப் போகிறவன். தூண்டில் கட்டுவதில் துறைமுகத்திலேயே அவனை அடிக்க ஆளில்லை.

"இது புட்டுகினா நான் காலி மாமு. ஊதாம நான் இன்னா பண்ணுவேன்?" என்றான் அருள்.

கருணாகரன் அவன் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். "கலீஜா கீது மாமு," என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்தான். "நடுவுல ரெண்டுதான் ஆடுது. பக்கத்துல ரெண்டும் ஸ்டடியா கீது. நாலையும் சேத்து இஸ்து கட்டிட்டா இன்னா? வஞ்சிரமே அறுக்காத தங்கூசி நம்மாண்ட கீது."

தங்கூசி என்பது தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு. கண்ணாடி மாதிரி இருக்கும், தண்ணீரில் போட்டால் தெரியாது. இருப்பதிலேயே மெல்லிசை எடுத்து, கிருமி சாகட்டும் என்று சாராயத்தில் முக்கி, படகு ஓரத்தில் அருளைக் குந்த வைத்து வேலையை ஆரம்பித்தான். பல் நடுவே நுழைத்து, ஈறுக்கு அடியில் இறக்கி, சுற்றிச் சுற்றி இழுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் அருளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ரத்தத்தைத் துப்பித் துப்பி வாயைத் திறந்தான். கடைசியில் தூண்டில் முள் கட்டுகிற முடிச்சைப் போட்டு, பிளேடால் மிச்சத்தை நறுக்கிவிட்டு, "இழுக்க இழுக்க இறுகுமே கண்டி அவுராது. இப்ப ஊது," என்றான்.

ஊதினான். பல் இம்மி அசையவில்லை. அருள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

நாம் தலையில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மாசம் அருள்பிரகாசம் ஊதினதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள், அப்படி அவன் அதற்கு முன்னால் ஊதினதில்லை என்று. கருணாகரன் அதற்குள் விசாகப்பட்டினத்துப் படகுக்கு ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள் என்று கிளம்பிப் போய்விட்டான். போகிறபோது ஒரு புத்திமதியும் சொன்னான்: முடிச்சின் மேல் பிரஷ் போடாதே. அருள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பிரஷ்ஷையே கொண்டுபோகவில்லை. தின்ற சோறு நரம்பின் இடுக்கில் தங்கியது. ஈறு வீங்கி முடிச்சை மூடியது. அழுத்தினால் சீழ் வந்தது. அவன் அழுத்திப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டான்.

ஆடி பிறந்த பிறகு சாயங்காலமானால் குளிர் எடுக்க ஆரம்பித்தது. ராயபுரத்தில் குளிர் காய்ச்சல் என்றால் யாரும் வேறெதையும் நினைக்க மாட்டார்கள். மலேரியா என்று மாத்திரை வாங்கித் தின்றான். நாலு நாள் அடங்கும், திரும்பவும் வரும். சோறு இறங்கவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. நாலு வீடு நடந்தால் மூச்சு வாங்கியது. டிபியாக இருக்குமோ என்று எழில்மொழிக்குப் பயம். அருளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, ஆனால் அதற்குப் பேர் வைக்க அவன் துணியவில்லை. படுத்தால் காதுக்குள் நெஞ்சு அடிப்பது கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் புஸ்ஸென்று ஒரு கசிவு கேட்கிற மாதிரி இருந்தது. மல்லாந்து படுக்கவே பயந்து சுவரில் சாய்ந்தபடி கிடந்தான்.

தண்டையார்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். மாஸ்டர் கையைத் தூக்கினார், அருள் டிரம்பெட்டின் பிஸ்டன்களில் விரலை வைத்து அழுத்தினான். ஆள்காட்டி விரல் நுனியில் சுருக்கென்று ஏறியது. மறுபடி அழுத்தினான், மறுபடியும் சுருக்கென்றது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், விரல் நுனிச் சதையில் பட்டாணி அளவுக்குச் சிவப்பாகத் தடித்திருந்தது. நகத்துக்கு அடியில் சிராய் ஏறின மாதிரி மெல்லிசாய் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்து நகத்திலும் ஒன்று. சிராய் எதுவும் இல்லை. குத்தினதாக ஞாபகமும் இல்லை. உடம்புக்குள்ளிருந்து எதுவோ விரல் வரைக்கும் வந்துவிட்டது என்று தோன்றியது. டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் எழில்மொழி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். வைத்தவர் எடுக்கவேயில்லை. முகம் மாறியது. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார், அவரும் வைத்துக் கேட்டார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்கள். நோயாளிக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. விரலைப் பார்த்ததும் அன்றைக்கே வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை ஸ்கேன் பண்ணினார்கள், ஊசி மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு மூன்றாம் நாள் வந்தது.

"ஏற்கெனவே கெட்டுப்போன வால்வு மேல கிருமி கூடு கட்டியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "இந்தக் கிருமி வாயில இருக்கிற ஜாதி. சமீபத்துல பல் பிடுங்கினீங்களா? ஈறுல ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"வாயைத் திறங்க."

திறந்தான். ஊதிப் பழகின உதடு, அவன் சொன்னபடி கேட்கும். மேலுதட்டைத் திரை மாதிரி கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு கடைவாய்ப் பல்லை மட்டும் காட்டினான். வார்டில் ஏகப்பட்ட கூட்டம். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, "நாளைக்குப் பல் டாக்டர் வந்து பார்ப்பார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது அருளின் காதில் விழாமல் இல்லை. வாய்க் கிருமி என்று சொன்ன நொடியிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தங்கூசி போட்ட இடம் மேலுதட்டுக்குப் பின்னால் நெருப்பாய்ச் சுட்டது. சொன்னால் நாலு பல்லையும் பிடுங்குவார்கள், பிடுங்கினால் டிரம்பெட் போயிற்று. சொல்லாவிட்டால்? ஊசி மருந்துதான் ஏறுகிறதே, அது கிருமியைக் கொன்றுவிடாதா? இப்படி மாற்றி மாற்றி யோசித்துக் கிடந்தான். பயந்தவனுக்கு எந்தப் பொய்யும் கொஞ்ச நேரத்துக்கு மருந்துதான்.

காலையில் எழில்மொழி டீ வாங்கி வந்து கொடுத்தாள். ஒரு வாய் உறிஞ்சினான். டீ வாய்க்குள் நிற்காமல் வலதுபக்க ஓரமாக வழிந்து சட்டையில் கொட்டியது. துடைத்துவிட்டு மறுபடி உறிஞ்சினான், மறுபடியும் வழிந்தது. உதட்டைக் குவிக்கப் பார்த்தான். பாதி உதடு குவிந்தது, பாதி செத்த மீன் மாதிரி தொங்கியது. "எயிலு" என்று கூப்பிட நினைத்தான். வாயிலிருந்து வந்தது பேச்சே இல்லை.

எழில்மொழி அவன் முகத்தைப் பார்த்தாள். டாக்டரம்மாவைத் தேடிக்கொண்டு வார்டு முழுக்க ஓடினாள்.

"வால்வுல இருந்து ஒரு துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போயிருக்கு," என்றார் டாக்டரம்மா, அவன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே. "சின்னதுதான்னு நினைக்கிறேன். உதடு திரும்ப வரலாம். ஆனா கிருமி எங்கிருந்து வருதுன்னு தெரியணும். இன்னொண்ணு உடைஞ்சா அதுவும் சின்னதா இருக்கும்னு சொல்ல முடியாது."

எந்த உதட்டுக்காகப் பல்லைக் காப்பாற்றினானோ அந்த உதடே போய்விட்டது. அருள் கையைக் கொண்டுபோய், சொன்னபடி கேட்காத மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினான்.

டாக்டரம்மா டார்ச்சோடு குனிந்தார். நாற்றத்தில் அவர் முகம் சுருங்கியது. "இது என்ன?" என்றார்.

பதில் எழில்மொழியிடமிருந்து வந்தது. காசிமேட்டில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? "தங்கூசி," என்றாள். அப்புறம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இத்த வாயில வெச்சுகினு எங்கூட குந்தி சோறு துன்னுகினு இருந்தியாய்யா? ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஈறு புண்ணா இருந்தா அது திறந்த கதவு மாதிரி. மெல்லும்போது, பல் விளக்கும்போதுகூட கிருமி ரத்தத்துல நுழையும். நல்ல நெஞ்சு உள்ளவங்களுக்கு உடம்பே அதைத் துடைச்சு எறிஞ்சிடும், எல்லாருக்கும் இப்படி ஆகாது. உங்க வால்வு ஏற்கெனவே புண்பட்டது. வந்த கிருமி அங்கே ஒட்டிக்கிச்சு. ஈறுல ரத்தம் வந்த அன்னைக்கே வந்திருந்தா சுத்தம் பண்ணி அனுப்பியிருப்போம். ஒரு பல்லும் போயிருக்காது."

கடைசியாகச் சொன்னதுதான் அருளை அறுத்தது. பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து ஓடினதால்தான் பிடுங்க வேண்டி வந்தது. அழக்கூட முடியாமல், வழிகிற வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

சாயங்காலத்துக்குள் உதடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஊசி மருந்து ஏற்றி, காய்ச்சல் தணிந்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு பல்லை எடுக்க நாள் வைத்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் ரகுபதி மாஸ்டர் பார்க்க வந்தார். அருள் கேட்டுக்கொண்டபடி டிரம்பெட்டைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். அருள் மவுத்பீஸை உதட்டில் வைத்தான். மூச்சை இழுத்தான். ஊதுகிற வேகத்தில் உள்ளே இன்னொரு துணுக்கு உடைந்துவிட்டால்? இத்தனை வருஷம் எத்தனையோ சாவுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊதினவன், அந்த ஒரு மூச்சை வெளியே விடப் பயந்தான். வெறும் பிஸ்டன்களை மட்டும் அமுக்கி அமுக்கி ஒரு பாட்டு முழுக்க வாசித்தான். சத்தமே இல்லை. விரலைப் பார்த்தே அது எந்தப் பாட்டு என்று மாஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

மறுநாள் பல் டாக்டர் முடிச்சை வெட்டத்தான் பார்த்தார். காறை படிந்து, ஈறு மூடி, கத்தரிக்கோல் நுழையவில்லை. ஓரத்துப் பல் இரண்டையும் நரம்பிலிருந்து உருவித் தனியாக எடுத்தார். நடுப்பல் இரண்டும் ஒன்றாகவே பெயர்ந்து வந்தன. தட்டில் விழுந்தபோதும் தங்கூசி அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நெஞ்சைத் திறந்து, உலோகத்தில் வேறு வால்வு வைத்தார்கள். பிழைத்தான். இனி ஊதக்கூடாது என்றார்கள். சொல்லாவிட்டாலும் அவன் ஊதியிருக்க மாட்டான், கட்டின பொய்ப்பல் மூச்சுக்கே ஆடியது. மாஸ்டர் அவனை விடவில்லை. கையில் பித்தளைத் தாளத்தைக் கொடுத்துப் பின்வரிசையில் நிறுத்தினார். புது வால்வு நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்டது. அதில் ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை. அந்த மாத்திரை தின்கிறவனுக்கு ஈறில் ரத்தம் வந்தால் லேசில் நிற்காது, கிருமி மறுபடி ஏறினால் இந்த வால்வும் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்ய, சின்ன டப்பாவில் சுற்றிய ஒரு மெழுகு நூலையும் பல் டாக்டர் கொடுத்தார். தினமும் சாயங்காலம் அருள் கண்ணாடி முன்னால் நின்று, மிச்சமிருக்கிற பல்லுக்கெல்லாம் அந்த நூலை விட்டு எடுப்பான். எடுத்த நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். வெள்ளையாக இருக்கிறது என்று உறுதியாகிற வரைக்கும் டிக் டிக் சத்தம் வேகமாகக் கேட்கும்.

மறுவருஷம் மீன்பிடித் தடைக்காலத்துக்குத்தான் கருணாகரன் ஊருக்குத் திரும்பினான். தோஸ்துக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். எதனால் என்று அவனுக்குத் தெரியாது. நேராக வீட்டுக்கு வந்தான். அருள் பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நூலோடு நின்றிருந்தான். எழில்மொழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அருள் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினான்.

"இது இன்னா மாமு நூலு?" கருணாகரன் டப்பாவை வாங்கி, நூலை இழுத்து, பட்டென்று அறுத்துப் பார்த்தான். "த்தூ, ஒரு நெத்திலிக்குத் தாங்காது." அப்போதுதான் நிமிர்ந்து அருளின் வாயைப் பார்த்தான். மேல்வரிசை நடுவில் ஒன்றுமே இல்லை. அவன் முகம் செத்துப் போயிற்று. "மாமு," என்றான், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "முடிச்சு அவுந்துகிச்சா?"

அருள் அவன் கையிலிருந்து நூல் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"உன் முடிச்சாவது அவுர்றதாவது," என்றான் அருள். "பல்லே வந்துடுச்சு மாமு. முடிச்சு அப்டியே கீது."

"அத்தானே பாத்தேன்," என்று கருணாகரன் பெருமூச்சு விட்டான். நிம்மதியாகச் சிரித்தான். அருளும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து சிரித்தான்.